வெங்காயம் உரிக்கும் ராசு

கோகிலவாணி பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பே, எழுபத்தொன்றாம் வருஷத்து டிசம்பர் சண்டையில், அவளுடைய அப்பா ராசு இறந்துபோனார். கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டில் இருந்த அவர்கள் வீட்டில் அவருடைய படம் ஒன்றே ஒன்று இருந்தது. பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் ஸ்டுடியோவில் எடுத்தது. மீசையையும் புருவத்தையும் யாரோ மை வைத்துத் தீட்டியிருந்தார்கள். சின்ன வயதில் அந்த முகத்தைக் கண்டாலே அவளுக்குப் பயம். இப்போது ஐம்பத்து மூன்று வயதாகிறது, அங்கன்வாடியில் சமைக்கிறாள். அப்பா சிரித்தால் எப்படி இருப்பார் என்று நினைத்துப் பார்ப்பதை மட்டும் அவள் விடவில்லை.

போன தை மாதம் மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து யமுனா என்ற டீச்சர் விசாரித்துக்கொண்டு வந்தாள். மலை வளைவுகளில் பஸ்ஸில் தலைசுற்றி, வந்ததும் தண்ணீர்தான் கேட்டாள். அவளுடைய அப்பா இளங்கோ, பட்டாளத்தில் ராசுவோடு ஒரே கம்பெனியில் இருந்தவர். அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியில் பதினோரு படங்கள் கிடைத்தனவாம்; எடுத்து வந்திருந்தாள்.

எதிலும் துப்பாக்கி இல்லை. ஒருவன் லாரிக் கண்ணாடியில் பார்த்து முகம் மழிக்கிறான். ஒருவன் இன்னொருவனுக்கு முடி வெட்டுகிறான். கொடியில் பனியன்கள் காய்கின்றன. சமையல் கொட்டகையில் சிலர் இருக்கும் படத்தின் பின்புறம் மட்டும் பேனாவில், "ராசு, கொல்லிமலை" என்று இருந்தது.

"நடுவுல சிரிக்கிறாரே, இவருதானுங்கக்கா உங்கப்பா," என்றாள் யமுனா.

நெட்டையான ஆள், பெரிய மீசை. கோகிலவாணிக்குக் கண் கலங்கியது. படத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அம்மா கண்ணாயி பாயில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாயி படத்தைத் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது அவரில்ல, கண்ணு."

"பின்னால பேரு எழுதியிருக்குதும்மா!"

"பேரு இருக்கட்டும். இதா, இவருதான்." கண்ணாயியின் விரல் படத்தின் ஓரத்துக்குப் போனது. அங்கே ஒருவர் முதுகைக் காட்டி, குத்தவைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மூஞ்சியே தெரியலியே, எப்படிச் சொல்ற?"

"காதப் பாரு. மேல்நுனி மடிஞ்சு கெடக்குது. உன்ற காதும் அப்படித்தான இருக்குது."

கல்யாணமாகி அவரோடு கண்ணாயி சேர்ந்திருந்தது மொத்தம் நாற்பது நாள். யமுனாவும் எழுந்து வந்து படத்தை எட்டிப் பார்த்தாள். கோகிலவாணியின் கை தானாகக் காதுக்குப் போயிற்று.

"இந்த ஊட்டுல ஒருநா வெங்காயத்தத் தொட்டிருப்பாரா? அங்க போயி மூட்டை மூட்டையா உரிச்சிருக்காரு பாரு!" கண்ணாயிக்கு நிஜமாகவே கோபம். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. மற்ற இருவரும் கூடச் சிரித்தார்கள்.

மீதிப் படங்களையெல்லாம் கோகிலவாணி துருவித் துருவிப் பார்த்தாள். மடிந்த காது வேறு எதிலும் இல்லை. சிரிக்கும் முகம் கிடைக்கவில்லை என்ற ஏக்கம் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள், யமுனா விட்டுப்போன அந்தப் படத்தோடு, ஸ்டுடியோ இருக்கும் செம்மேட்டுக்கு பஸ் ஏறினாள்.

"முதுகுதானுங்களே தெரியுது? மூஞ்சி தெரியற ஆளப் பெருசு பண்ணட்டுங்களா?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"இல்லீங்க. அந்த முதுகத்தான் பெருசா போடுங்க. காது மறஞ்சிரக் கூடாது."

சட்டம் போட்ட படத்துக்கு மாலை வாங்கலாமா என்று போனில் அம்மாவைக் கேட்டாள்.

"வேலையா இருக்கறவருக்கு எதுக்கு மாலை? அடுப்பங்கரையில மாட்டிக்கலாம். வெரசா வா, மழை வர்றாப்ல இருக்குது," என்றாள் கண்ணாயி.