கேரட் மஞ்சள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் படித்த அரைப்பக்கக் கட்டுரைதான் எல்லாவற்றுக்கும் காரணம். காய்களிலும் பழங்களிலும் ஆன்டி-ஆக்ஸிடன்ட் என்று ஒன்று இருக்கிறது. இரும்பைத் துரு அரிப்பதுபோல வெயிலும் புகையும் தோலை அரிக்கின்றன. கேரட், பப்பாளி, தக்காளி, நெல்லிக்காய், கீரை என்று சாப்பிட்டுவந்தால் சுருக்கம் விழுவது தள்ளிப்போகலாம் என்று எழுதியிருந்தார்கள். துரு என்ற அந்த ஒரு சொல்லே என்னை நம்பவைக்கப் போதுமாக இருந்தது. ஆவடியில் தொழிற்சாலை ஸ்டோரில் எனக்கு வேலை. உதிரி பாகங்களுக்குக் கிரீஸ் தடவி மெழுகுத்தாள் சுற்றி அடுக்குவதைத் தினமும் மேற்பார்வை பார்ப்பவள். தடவாமல் விட்ட ஒன்று மழைக்காலம் முடிவதற்குள் என்ன கதியாகும் என்று தெரியும்.

அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தேன். கொரட்டூரில் இருந்த அண்ணன் ஒரு நாள் வந்து, தை பிறந்ததும் பட்டாபிராமிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, எலெக்ட்ரிக் சாமான் கடை.

"உனக்கு முப்பத்திரண்டுன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீயா வாயைத் திறந்து கெடுத்துடாத."

ஐந்து வருடத்தை வாயால் குறைத்தாயிற்று. முகத்தில் எப்படிக் குறைப்பது? அவர் போனதும் கண்ணாடி முன்னால் நின்றேன். மறுநாள் காலையிலேயே காய்கறிக் கடைக்குப் போனேன்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்பவள் இல்லை. காலையில் துருவிய கேரட், மதிய டப்பாவில் நறுக்கிய கேரட், மாலையில் ஸ்டேஷன் வாசல் வண்டியில் பப்பாளி, ராத்திரி மறுபடியும் கேரட். கீரையும் நெல்லிக்காயும் வேலை வைப்பவை என்று விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா, "இன்னாம்மா, குதிர வண்டில பூட்டப் போறாங்களா உன்ன?" என்று கேட்டுச் சிரித்தார்.

பொங்கலன்று அவர் கொடுத்தனுப்பிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப்போனபோது சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"இன்னா இது, உள்ளங்கையெல்லாம் மஞ்சளா கீது? காமாலை வந்துகீதா?"

அன்று மாலையே அரைத்த கீழாநெல்லி ஒரு டம்ளரில் வந்தது. மறுநாள் எங்கள் வரிசை முழுவதும் சேதி பரவிவிட்டது. யாரும் என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பயந்துகொண்டே டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டர் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு. காமாலை இல்லம்மா. கேரட் நிறைய சாப்பிடறீங்களா?"

சொன்னேன்.

"காய்கறி நல்லதுதான். தோலுக்குக் கொஞ்சம் உதவலாம். அதுக்காக வயசையே நிறுத்திடாது. வெயில்ல குடை பிடிச்சுக்கிட்டுப் போங்க, அது இதைவிட உதவும். கேரட்டை நிறுத்தினா இந்த நிறம் தானா போயிடும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள போயிடுமா டாக்டர்?"

"சில வாரம் ஆகும்" என்றபடி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவர்கள் வருகிறார்கள். எலுமிச்சம்பழம் தேய்த்தேன், கடலை மாவு தேய்த்தேன், படிகாரக் கல்லால் உரசினேன். ஸ்டோரில் ஒரே அலமாரியைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். எழுத உட்கார்ந்தால் பேனாவைவிட விரல்தான் கண்ணில் பட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு வழி சொன்னார்: "மஞ்ச பூசிக் குளிச்சேன்னு சொல்லிடு. மஞ்ச மேல மஞ்ச, எவன் கண்டுபுடிக்கப் போறான்?" ஞாயிற்றுக்கிழமை காலை பூசியும் பார்த்தேன். பூசிய மஞ்சள் பளிச்சென்று மேலே நின்றது. கேரட் மஞ்சள் அடியில் மங்கலாகத் தெரிந்தது. கழுவிவிட்டேன்.

அண்ணன் முன்னதாகவே வந்துவிட்டார்; பிறகு மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் வந்தார்கள். காபியை நீட்டியதும் அந்த அக்கா டம்ளரை வாங்காமல் என் கையையே பார்த்தார்.

"வாசல்ல காமாலைன்னு பேசிக்கினாங்க. நெசந்தானா?"

"மஞ்சள் பூசிக் குளிச்சிருக்கா" என்றார் அண்ணன் அவசரமாக.

"இல்லீங்க" என்றேன். "கேரட் நிறைய சாப்பிட்டேன். அதான்."

"கேரட்டா? அத்த எதுக்கு அம்மாம் துன்னே?"

பிடிக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதை நம்பியிருக்க மாட்டார்கள். காமாலை என்றே நினைத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

"வயசு தெரியக்கூடாதுன்னு. எனக்கு முப்பத்தேழு."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அக்கா கேசரித் தட்டைத் தள்ளிவைத்தார். மாப்பிள்ளை மட்டும் காபியைக் கடைசிவரை குடித்து முடித்தார். "சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்துவிட்டார்கள். அண்ணனும் அவர்கள் பின்னாலேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த சனிக்கிழமை வரை ஒரு தகவலும் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எழுந்தேன், அண்ணன் வீட்டு ஆட்கள்போல யாராவது தெரிந்தால் வாசலுக்குப் போனேன், எதிலும் மனம் நிலைக்கவில்லை. அன்று வேலை முடிந்து வெளியே வந்தால், தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே மொபெட்டில் சாய்ந்து அந்தப் பட்டாபிராம் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா இன்னும் காமாலைன்னுதான் சொல்லிகினு கீது. டாக்டர் இன்னா சொன்னாரு?"

சொன்னேன். கையைக் காட்டச் சொன்னார். போகிற வருகிறவர்கள் நடுவில் இரண்டு கைகளையும் விரித்தேன். குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

"கொஞ்சம் கொறஞ்சிகீது."

"இல்லீங்க, அப்படியேதான் இருக்கு."

"அப்ப அடுத்த வாரமும் வந்து பாக்கணும்" என்று மொபெட்டைக் கிளப்பினார்.