பன்னிரண்டு மணிக் கட்டம்

என் சித்தி ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கெட் ஒட்டினாள். கம்பெனியை மூடிவிட்டார்கள். லாரி ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவும் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டோடு இருந்தார். அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக ஒரு இடம் கிடைத்தது. மூன்று மாதம் பார்ப்போம், சரியாக வந்தால் நிரந்தரம், இல்லையென்றால் கிளம்ப வேண்டியதுதான் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள்.

அந்த மாதங்களில் நான் பள்ளி முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் இருந்தேன். சித்தி நாலு மணிக்கு வந்து ஒரு பக்கெட் வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு பேசுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். இதில் உள்ளதெல்லாம் அப்படிக் கேட்டதுதான்.

வார்டில் முப்பத்திரண்டு படுக்கைகள். காலை ஷிஃப்டில் மூன்று ஆயாக்கள். மூத்தவளுக்குச் சாவியக்கா என்று பெயர். பெட்ஷீட் அலமாரியின் சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான் தொங்கும். அடுத்தவள் ‘ஹலோ’. அவள் காதிலிருந்து போன் இறங்கி யாரும் பார்த்ததில்லை. சித்திக்கு முதல் நாளே ‘புதுசு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“புதுசு, உனக்கு அந்தக் கோடியில இருக்கிற பத்து பெட்டு” என்றாள் சாவியக்கா.

“எல்லாரும் படுத்தே இருக்கிறவங்களா இருக்காங்களேக்கா.”

“ஓடியாடுற ஆளுங்களுக்கு நீ எதுக்கு? அவங்களை அவங்களே பாத்துக்குவாங்க.”

படுத்தே கிடக்கும் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் எலும்பு அழுந்துகிற இடத்தில் தோல் கெட்டுப் புண்ணாகிவிடும். இதற்காக ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஓர் அட்டை தொங்கும். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று கட்டங்கள் இருக்கும். புரட்டியதும் டிக் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். கனமான ஆளைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி தோளையும் இடுப்பையும் பிடித்து இழுப்பாள், மற்றவள் எதிர்ப்பக்கம் நின்று முதுகுக்குத் தலையணை வைப்பாள்.

சாவியக்கா காலை ஏழரைக்கே தன் படுக்கைகளின் எல்லா அட்டைகளையும் முடித்துவிடுவாள்.

“என்னக்கா, ரெண்டு மணிக்கும் சேர்த்து இப்பவே போட்டுட்டீங்க?” என்று சித்தி கேட்டிருக்கிறாள்.

“ஏன், ரெண்டு மணி வராமலா போயிடும்?”

சித்திக்கு அப்படி முன்கூட்டியே டிக் போட மனம் வரவில்லை. ஹலோவை உதவிக்குக் கூப்பிட்டால், போனைக் காதில் வைத்தபடியே ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டுவாள். அந்த ஒரு நிமிஷம் ஷிஃப்ட் முடியும்வரை நீளும். தனியாக முடிந்தவர்களைச் சித்தி புரட்டினாள். முடியாதவர்களின் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

இரண்டாவது வாரம் தலைமை நர்ஸ் கூப்பிட்டார். “உன் அட்டையில மட்டும் ஏன் இத்தனை ஓட்டை?”

“செய்யாததுக்கு எப்படி சிஸ்டர் டிக் போடுறது? கூட ஒரு ஆள் வேணும்.”

“மத்தவங்களுக்கு மட்டும் எப்படி முடியுது?”

சித்தி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் சாவியக்கா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவளை டீக்குக் கூப்பிடுவது நின்றது. பெட்ஷீட் கேட்டால், “கோள் சொல்றவங்களுக்கு ஷீட் தீந்துபோச்சு” என்று பதில் வந்தது.

வீட்டில் சித்தப்பா, “ஒரு டிக் போட்டா உனக்குக் கை வலிக்குதா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, பயந்துபோய்க் கேட்டார். சித்தி பக்கெட் தண்ணீரைக் காலால் அளைந்துகொண்டிருந்தாள்.

ஒன்பதாம் படுக்கையில் ஒரு கண்டக்டர் இருந்தார். கனத்த உடம்பு, பக்கவாதம். இருபது வருடம் பஸ்ஸில் கத்திய மனிதருக்கு இப்போது வாயில் மிஞ்சியது ‘போலாம்’ என்ற ஒரே வார்த்தைதான். பசித்தாலும் போலாம், வலித்தாலும் போலாம். எந்தப் போலாமுக்குத் தண்ணீர், எந்தப் போலாமுக்கு பெட்பேன் என்று சித்தி ஒரு மாதத்தில் பிடித்துவிட்டாள். “போலாங்கய்யா, டிக்கெட் எடுத்துட்டுப் போலாம்” என்பாள். அவர் பாதி வாயால் சிரிப்பார்.

அவருடைய மனைவி தினமும் இரண்டு மணிக்கு வருவார். வந்ததும் முதல் வேலையாக அட்டையைப் பார்ப்பார். “உன் அட்டையத்தான்மா நான் நம்புறேன்” என்று ஒரு நாள் மெல்லச் சொன்னார். “மத்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகா இருக்கு.”

பத்தாவது வாரம் தலைமை நர்ஸ் மறுபடியும் கூப்பிட்டார். இன்னும் பதினைந்து நாளில் உன்னைப் பற்றி எழுத வேண்டும், இத்தனை காலிக் கட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுவது என்றார்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சித்தி ஒன்பதாம் படுக்கைக்கு வந்தாள். வலப்பக்கமாகப் படுத்திருந்த கண்டக்டரை மல்லாக்கத் திருப்ப வேண்டும். ஹலோ விரலைக் காட்டினாள். சித்தி பேனாவை எடுத்து டிக் போட்டாள். ஐந்து நிமிடத்தில் எப்படியாவது செய்துவிடலாம் என்றுதான் நினைத்தாளாம். அதற்குள் நாலாம் படுக்கையை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். லிஃப்டுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். திரும்பி வந்தால் வார்டில் ஒருவர் வாந்தி எடுத்திருந்தார். அதைக் கழுவி முடித்து நிமிர்ந்தபோது மணி இரண்டு. கண்டக்டரின் மனைவி வந்து நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு பேருமாக அவரைத் திருப்பினார்கள். வலது இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. சித்தி விரலால் அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்ததும் ஒரு கணம் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை. புண்ணுக்கு முந்தின படி அது.

அந்த அம்மா அட்டையைப் பார்த்தார். “பன்னெண்டு மணிக்குத் திருப்பியிருக்கியேம்மா. அப்புறம் எப்படி இப்படி ஆச்சு?”

சந்தேகப்பட்டுக் கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன் என்று சித்தி என்னிடம் சொன்னாள். அவர் நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

“திருப்பலம்மா” என்றாள் சித்தி. “டிக் மட்டும் போட்டேன்.”

அந்த அம்மா கணவருடைய சட்டையை இழுத்து இடுப்பை மூடினார். சித்தி அட்டையைக் கழற்றிக்கொண்டு தலைமை நர்ஸிடம் போனாள்.

அவர் கேட்டு முடித்துவிட்டு அட்டையைக் கையில் வாங்கினார். “இந்த மாதிரி இன்னும் எத்தனை?”

“என்னோடது இது ஒண்ணுதான் சிஸ்டர்.”

“மத்தவங்களோடது?”

“அதை அவங்களைத்தான் கேக்கணும். கனமான ஆளைத் தனியாப் புரட்ட முடியாது, அது மட்டும் எனக்குத் தெரியும். பத்து வாரமா பாத்துட்டேன்.”

தலைமை நர்ஸ் எழுந்து ஒன்பதாம் படுக்கைக்கு வந்தார். இடுப்பைப் பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கம் போய் நின்று, “எங்க, பிடி” என்றார். புரட்டி முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. எத்தனை வருடமாயிற்றோ அவர் ஒரு ஆளைப் புரட்டி.

மறுநாளிலிருந்து ஒரு கட்டத்துக்கு இரண்டு கையெழுத்து வேண்டும் என்று உத்தரவு வந்தது. சித்திக்குப் பரீட்சைக் காலம் இன்னும் ஒரு மாதம் நீண்டது. பொய் டிக் போட்டதற்கு அதுதான் தண்டனை.

பன்னிரண்டு மணிக்குச் சாவியக்கா வந்து எதிர்ப்பக்கம் நின்றாள். “போட்டது ஒரு டிக்கு. அதுக்கு எங்க எல்லாரோட இடுப்பையும் ஒடிச்சிட்ட. ம், தூக்கு” என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். கண்டக்டரின் மனைவியும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே தலையணையை எடுத்து நீட்டினார். எட்டாம் நாள் சித்தி அழுத்திப் பார்த்தபோது தோல் வெளுத்து, பிறகு மெல்ல நிறம் திரும்பியது. “நீங்களும் அழுத்திப் பாருங்கம்மா” என்று அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாளாம். அந்த அம்மா அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

மூன்றாவது வாரம் புரட்டிக்கொண்டிருக்கும்போது சாவியக்கா திடீரென்று, “முதுகை வளைக்காத. முட்டியை மடக்கு. இப்படியே தூக்கினா நாலு வருஷத்துல நீ இந்த பெட்டுல படுத்திருப்ப. உன்னைப் புரட்டுற வேலையும் என் தலையிலதான் விழும்” என்றாள். சித்தி முட்டியை மடக்கினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் காலுக்கு வெந்நீர் வேண்டாம் என்றுவிட்டாள்.

நீட்டிய அந்த ஒரு மாதமும் முடிந்தது. எழுதுவதற்கு முன்னால் தலைமை நர்ஸ், மூத்தவள் என்ற முறையில் சாவியக்காவைக் கேட்டிருக்கிறார். சித்தி கதவுக்கு வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

“புதுசா? வாய் கொஞ்சம் ஜாஸ்தி. நமக்கு ஆகாது” என்றாளாம் சாவியக்கா. பிறகு, “ஆனா இவ்வளவு வேலைக்கு இன்னொரு ஆள் வேணும் சிஸ்டர். இவளே இருக்கட்டும். பெட்டுல இருக்கிறவங்களுக்குப் பழகிப்போச்சு” என்றாளாம்.

சித்தி வீட்டுக்கு வந்து இதைச் சாவியக்காவின் குரலிலேயே பேசிக் காட்டினாள். சித்தப்பா சிரிக்காமல், “அப்ப நிரந்தரமா?” என்று கேட்டார்.

“நிரந்தரம்தான்” என்றாள் சித்தி. அப்புறம்தான் அழுதாள்.