பொட்டு வைத்த கேசட்

போன பங்குனியில், எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு முந்தின வாரம், அம்மாவின் பூஜை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் இருப்பது நாமக்கல்லில். ஆடிட்டர் ஆபீசில் வேலை. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் திரும்ப வைப்பேன் என்பதால் அந்த அலமாரியை என்னைத் தவிர யாரையும் அம்மா தொட விடுவதில்லை.

மேல் தட்டில் சாமி படங்கள். நடுத் தட்டில் விளக்கு, மணி, கற்பூரத் தட்டு. கீழ்த் தட்டில், வெள்ளைத் துணி விரித்து, அம்மன் பாட்டு கேசட்டுகள். வீட்டு டேப் ரெக்கார்டர் ரிப்பேராகி முப்பது வருடம் இருக்கும். அந்தக் கேசட்டுகளைக் கேட்க முடியாது. சாமி பாட்டு என்பதால் குப்பையிலும் போட முடியாது. அப்படியே இருந்து இருந்து அவையும் சாமியாகிவிட்டன. வெள்ளிக்கிழமை படங்களுக்குப் பொட்டு வைத்த கையோடு அம்மா கேசட்டுகளுக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்துவிடுவாள்.

ஒன்றைத் திருப்பியபோது அதன் முதுகில் இரண்டு சிவப்புத் துண்டுகள் மின்னின. லாரியின் பின்னால் ஒட்டுகிற ரேடியம் ஸ்டிக்கர். அதை வெட்டி ஒட்டியவள் நான்தான். கடையில் வாங்கிய பாட்டுக் கேசட்டின் முதுகில் இருக்கிற இரண்டு ஓட்டைகளையும் அடைத்தால்தான் அதன்மேல் வேறொன்றைப் பதிவு செய்ய முடியும்.

வேறொன்று என்பது என் தம்பி. அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. எங்கள் அப்பா கல்கத்தாவுக்கு முட்டை லோடு ஓட்டியவர். ஒரு நடையில், வண்டியில் போட்டுக் கேட்க அங்கே நான்கைந்து கேசட்டுகள் வாங்கினார். அதில் ஒன்றில் வெறும் கிட்டார். ‘பாட்டு இப்ப ஆரம்பிச்சுரும், இப்ப ஆரம்பிச்சுரும்’ என்று காத்திருந்தே ஆந்திரா முழுவதையும் தாண்டி வந்துவிட்டாராம். கடைசி வரை யாரும் பாடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதைத் தூக்கித் தம்பியிடம் போட்டார். அட்டையில் ‘ஜாஸ்’ என்று இருந்தது. அந்த வார்த்தையையே நாங்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். ஆறு மாதம் தம்பி வேறு எதையும் கேட்கவில்லை. அடுத்த நடையில் அப்பா, திட்டிக்கொண்டே, ஒரு பழைய கிட்டாரையும் வாங்கி வந்தார். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. கேட்டான், நிறுத்தினான், வாசித்தான், மறுபடியும் கேட்டான். ஒரு வருடம் போனதும் கேசட்டில் இல்லாததெல்லாம் வாசிக்க ஆரம்பித்தான்.

அதை ஒரு மதியம் அம்மாவின் கேசட்டில் பதிவு செய்தோம். பட்டனை அழுத்தியது நான். முதல் அம்மன் பாட்டை மட்டும் விட்டுவைத்தோம். அம்மா போட்டுப் பார்த்தால் சந்தேகம் வரக்கூடாது. அம்மா போடுவதற்குள் தம்பி டேப் ரெக்கார்டரைப் பிரித்து, திரும்ப மாட்டத் தெரியாமல் விட்டுவிட்டான். பிறகு ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியோடு வடநாடு போனான். திரும்பி வந்தபோது கிட்டாரின் கழுத்து வளைந்திருந்தது. அதோடு சரி. இன்று திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகளுக்கு உதிரி பாகக் கடை வைத்திருக்கிறான். ‘நான் அந்தக் காலத்தில் வாசித்தேனே’ என்று அவன் வாயெடுத்தால் போதும், அவன் மனைவி அவன் கையைத் தூக்கிக் காட்டுவாள்: “பைப் ரெஞ்சு புடிக்கற கைங்க இது. கிட்டாரு வாசிச்சுதாமா!”

அலமாரி முன்னால் உட்கார்ந்தபடியே அவனுக்கு போன் போட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

“டேய், உன் ஜாஸுக்கு அம்மா முப்பது வருஷமா பொட்டு வெச்சிட்டிருக்குதுடா!”

அவன் சிரிக்கவில்லை. “அதைப் போட்டுக் கேட்றாதக்கா” என்றான்.

“ஏன்டா?”

“நல்லா வாசிச்சிருந்தா, விட்டுட்டமேன்னு இருக்கும். கேவலமா வாசிச்சிருந்தா அதைவிட மோசம். என்னமோ ஒருகாலத்துல பெரிய ஆளுன்னு நெனச்சுட்டு இருக்கறேன். அப்படியே இருந்துட்டுப் போறனே.”

கேட்க வேண்டாம் என்றுதான் சொன்னான். பத்திரப்படுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. டேப்பில் பூஞ்சை பிடித்தால் போனது போனதுதான். எங்கள் பக்கத்தில் ஓடுகிற கேசட் பிளேயர் ஒருவரிடம்தான் இருக்கிறது: கோயிலுக்கு மைக்கும் குழாய் ஸ்பீக்கருமாக ரேடியோ செட் கட்டுகிற அண்ணன். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“ஏனுங்கண்ணா, இதை பென் டிரைவ்ல ஏத்தித் தர முடியுங்களா? பழைய கேசட்டுங்க.”

அவர் பொட்டைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். கேசட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “அதுக்கென்னுங்க அம்மணி, நான் பாத்துக்கறேன்” என்றார்.

அந்த ஒற்றலிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பொங்கல் வைக்கிற நாள் காலையில் அம்மாவும் தம்பி மனைவியும் முன்னாலேயே கோயிலுக்குப் போய் அடுப்புக் கூட்டிவிட்டார்கள். நானும் தம்பியும் பின்னால் போனோம். அவன் தலையில் விறகுக் கட்டு, என் கையில் வெல்லமும் அரிசியும். கோயில் இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை; குழாய் ஸ்பீக்கர் சத்தம் மட்டும் காட்டைத் தாண்டி வந்தது. பழைய அம்மன் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. முடிந்தது. ‘டக்’ என்று ஒரு சத்தம்.

பிறகு கிட்டார்.

ரேடியோ செட் அண்ணன் முதல் பாட்டைக் கேட்டிருக்கிறார், ‘ஆகா, இந்தக் காலத்தில் கிடைக்காத பாட்டு’ என்று நோம்பிப் பாட்டுகளோடு சேர்த்திருக்கிறார், எங்கள் குடும்பத்துக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று போட்டும் விட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இதையெல்லாம் பின்னால் அவரே சொன்னார். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தம்பி நின்றுவிட்டான்.

“அக்கா, இது ஆருக்கா?”

அவனுக்குத் தெரியவில்லை! அவ்வளவு தூரத்தில், குழாய் வழியாக, காற்றில் அலைந்து வந்த அந்த வாசிப்பு யாருடையது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“தெரியலியேடா” என்றேன்.

அவன் விறகைக் கீழே இறக்கினான். கண்ணை மூடிக்கொண்டான். “செத்த இரு. இப்பப் பாரு, தாளத்தை உட்டுட்டுப் பின்னால போறான். போறான்... உழுந்துருவான்... புடிச்சான் பாரு! யப்பா! சின்னப் பயலாத்தான் இருப்பான். பயமே இல்லாம வாசிக்கறானே, எங்க கத்துருப்பான்?”

“ஏன், நீ வாசிச்சதில்லையா?”

“சும்மா இருக்கா. நானெல்லாம் இப்படி வாசிக்கல.”

சிரிப்பை அடக்கி அடக்கி எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெல்லப் பையால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அவனோ ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரல்களை இடுப்பில் தன்னை அறியாமல் அசைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பயல் அடுத்து எங்கே போவான் என்று ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொன்னான். ஒவ்வொரு முறையும் சரியாக இருந்தது. அதில் அவனுக்கு ஒரே பெருமை.

அப்போது கிட்டார் சட்டென்று நின்றது. ஊர் முழுக்க, காடு முழுக்க, எங்கள் அம்மாவின் குரல் கேட்டது.

“டேய், சோறு ஆறிப்போச்சு! என்ன எழவுடா அது, ஊடு பூரா டொய்ங் டொய்ங்னு! மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா இல்லியா?”

பின்னால் ஓர் இளம்பெண்ணின் கீச்சுக் குரல். என் குரல். “அம்மா, பேசாதீங்க, ரெக்கார்டு ஆவுது!”

“ஆவட்டும்!”

மறுபடியும் கிட்டார்.

தம்பி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அந்த முகத்தை எழுத என்னால் முடியாது. “அக்கா!” என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தான். விறகு அங்கேயே கிடந்தது. நானும் ஓடினேன். இந்த வயதில் நான் ஓடி யாரும் பார்த்ததில்லை.

கோயில் வாசலில் பூசாரி கையில் மணியோடு அசையாமல் நின்றிருந்தார். நோம்பி நாளில் கோயில் ஸ்பீக்கரிலேயே ‘எழவு’ என்று கேட்டால் அவரும் என்ன செய்வார்? அம்மா அகப்பையை ஓங்கியபடி குழாயை அண்ணாந்து பார்த்தாள். “ஆருடி அவ, எம்பட கொரல்ல பேசறவ?” பொங்கல் வைக்க வந்த பெண்களெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

தம்பி நேராக ஆம்ப்ளிஃபயரிடம் போய்க் குமிழில் கையை வைத்தான். “நிறுத்தாதீங்க சாமி!” என்று பக்கத்திலிருந்து ஒரு குரல். பம்பைக்காரர். குச்சியின் நுனியால் லேசாகத் தட்டித் தட்டி அவர் எப்போதோ கூடவே போக ஆரம்பித்திருந்தார். “இப்பத்தானுங்க புடிபடுது. ஒரு நெலைல நிக்காம ஓடறான், நல்லாருக்குதுங்க!”

தம்பி குமிழைப் பார்த்தான். பம்பைக்காரரைப் பார்த்தான். பிறகு குமிழைத் திருப்பினான், கூட்டி வைக்கிற பக்கமாக.

கிட்டார் கடைசி வரை ஓடியது. பம்பை அதற்குப் போட்ட தாளத்தைக் கல்கத்தாவில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தம்பி மனைவி அடுப்பில் வைத்த பானையை விட்டுவிட்டு வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

“ஏனுங்க, நெசமாலுமே நீங்களா?”

நான்தான் முந்திக்கொண்டேன். “அவன் என்ன சொன்னான்னு என்னைக் கேளு. ‘நானெல்லாம் இப்படி வாசிக்கல’ன்னான். இனி மாத்திச் சொல்ல முடியாது, நான் சாட்சி.”

அவன் சிரிக்க ஆரம்பித்தான். விறகுக் கட்டைத் திரும்ப எடுத்து வரும்போதும், அடுப்பில் வைக்கும்போதும் சிரித்தான். “உழுந்து புடிச்சானில்ல அக்கா, அந்தப் பய?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தன் பாட்டுக் கேசட்டை அழித்தது யார், பூஜை அலமாரியில் தான் பொட்டு வைத்தது எதற்கு என்பதெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டிருந்தது. பொங்கல் பொங்கி, குலவை அடங்கிய பிறகு அகப்பையோடு தம்பி முன்னால் வந்து நின்றாள். எது வருமோ என்று நானும் தயாராக நின்றேன்.

“அன்னைக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா, இல்லியா?”

“இல்லீங்கம்மா” என்றான் தம்பி.