மாற்றாத கிடா

அந்தக் குட்டி பிறந்தபோது ஆட்டுப்பட்டியில் நானும் அம்மாவும் இருந்தோம். அப்பா மீனாட்சிபுரத்துக்குப் போயிருந்தார். கீழ்த்தாடை குட்டையான குட்டிக்குக் காம்பைக் கவ்வ முடியவில்லை. பட்டி ஆடுகளின் அந்த ஈற்றுப் பருவத்தில் அப்படிப் பிறந்த மூன்றாவது குட்டி அது.

"இதைப் பெத்த ஆடும் நம்ம பட்டிக் கிடாவோட மகதானே கண்ணு? அப்பன்கூடயே சேந்து பெத்தா குட்டி எப்படி வெளங்கும்?" என்றாள் அம்மா.

பக்கத்துப் பட்டியோடு கிடாவை மாற்றிக்கொள்ள அப்பா போன வருஷமே கிளம்பினார். "வெளிக்கிடா சீக்கைக் கொண்டாருமுங்க" என்று தடுத்தது நான்தான். "நீ படிச்சவன், சரியாத்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டார்.

சாயங்காலம் வந்து குட்டியைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "இப்ப என்ன பண்றதுன்னு நீயே சொல்லு சாமி" என்றார். நிஜமாகவே கேட்டார்.

"தெரியலீங்கப்பா" என்றேன். அதைப் போன வருஷமே சொல்லியிருக்கலாம்.

பிறகு கிடாவை மாற்றினோம். அதற்குள் அந்தப் பருவத்தில் பிறந்த பதிமூன்று குட்டிகளில் ஒன்பது செத்துப்போய்விட்டன.