பூஜ்யத்தில் விட்டுவந்த குமிழ்

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலை போட்டுச் சாம்பார் ஊற்றும்போதுதான் கைப்பேசியில் படங்களைப் பார்த்தேன். காலையில் நோயாளிகள் வருமுன் கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்தின் மின்பலகையைச் சோதித்துவிட்டு வந்திருந்தேன். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சோதனைக்கு முன்னால் ஒரு படம். முடிந்து எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு படம். முதல் படம் இருந்தது. இரண்டாவதைக் காணோம்.

அங்கே பன்னிரண்டு இயந்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன பிரேக்கர். எல்லாவற்றுக்கும் மேலே பெரியது ஒன்று. எங்கே மின்சாரம் கசிகிறதோ அங்கிருக்கும் சின்னதுதான் முதலில் விழுந்து மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பெரியது கண்ணிமைக்கும் நேரமாவது பொறுத்திருக்க வேண்டும். எவ்வளவு பொறுக்கலாம் என்பதை ஒரு குமிழைத் திருப்பி வைப்போம். சோதனையின்போது அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோவேன். திரும்ப வைத்தேனா? இல்லையென்றால், தாதிகள் டீ போடும் கெட்டில் கசிந்தால்கூட மொத்த மையமும் நின்றுவிடும். அத்தனை நோயாளிகளின் ரத்தமும் குழாயில் இருக்கும்.

இதையே வேறு யாராவது மறந்திருந்தால் வாட்ஸ்அப் குழுவில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். எனக்கு வாய் அப்படி.

தலைமைத் தாதிக்குப் போன் போட்டேன்.

"எல்லாம் ஓகே லா அக்கா. மெஷின் எல்லாம் ஓடுது. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

இயந்திரம் ஓடுவதை வைத்து அந்தக் குமிழைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. கசிவு வரும்போதுதான் தெரியும். பலகையின் சாவி என் பையில் இருந்தது. இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்தேன்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் வழக்கமான ஜாம். முன்னால் நின்ற லோரியைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், கடைசியில் என்னையே திட்டிக்கொண்டேன். போய்ச் சேர்ந்ததும் பலகையைத் திறந்தேன்.

பூஜ்யம்.

உடனே திருப்பவும் பயம். குமிழை ஒட்டியே சோதனைப் பொத்தான் இருந்தது. விரல் தவறி அதில் பட்டால் போதும், நானே எல்லாவற்றையும் நிறுத்தியவளாகிவிடுவேன். தாதியைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன்.

"நான்தான் மறந்துட்டேன். இவங்க எல்லாரும் முடிக்கிற வரைக்கும் அதத் தொட முடியாது. எங்க கசிஞ்சாலும் மொத்தமா போயிரும்."

"போன்லயே ஏன் சொல்லல?"

அப்போது சொல்ல அவமானமாக இருந்தது.

அவர் ஓடிப்போய்க் கெட்டிலின் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு ஒவ்வொரு இயந்திரத்தின் பின்னாலிருந்தும் ஒரு கைப்பிடியை எடுத்து வெளியே வைத்தார். மின்சாரம் போனால் அதைச் சுற்றித்தான் ரத்தத்தை உடம்புக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். கைப்பிடிகள் பன்னிரண்டு. தாதிகள் நான்கு பேர்.

"நீங்களும் கத்துக்குங்க. ஆள் பத்தாது," என்று ஒன்றை என் கையில் கொடுத்து, எப்படிச் சுற்றுவது என்று காட்டி, ஓர் அங்கிளின் படுக்கையருகே நிறுத்தினார்.

அங்கிள் கண் திறந்து பார்த்தார். "புது நர்ஸா?"

"இல்ல அங்கிள். வயரிங் வேலை."

"வயரிங் நல்லா இருக்கா?"

இன்னொரு பொய் வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"இப்ப இல்ல அங்கிள். நீங்க முடிச்சு எழுந்ததும் சரி பண்ணிருவேன்."

அவர் என் கையிலிருந்த கைப்பிடியைப் பார்த்தார். இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

"அப்ப அதுவரைக்கும் எங்கயும் போயிறாதம்மா," என்றார்.