எரியாத சொட்டு மருந்து

என் கணவருக்குக் கண்ணில் ஹெர்பிஸ் வந்தபோது, அந்த நோயைவிட அவருடைய அக்காவைத்தான் நான் அதிகம் வெறுத்தேன்.

முதலில் மெட்ராஸ் ஐ என்றுதான் நினைத்தோம். ஒரு கண் மட்டும் சிவந்து, வெளிச்சம் பட்டாலே நீர் கொட்டியது. கண்ணில் சாயம் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, கருவிழியில் மரக்கிளை மாதிரி புண் படர்ந்திருக்கிறது என்றார். வைரஸுக்கான சொட்டு மருந்தை, விழித்திருக்கும் வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை விட வேண்டும். புண் ஆழமாகித் தழும்பு விழுந்தால் பார்வை மங்கிவிடும். மருந்து கொஞ்சம் எரியும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

முதல் சொட்டுக்கே தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார் மனிதர். எனக்கோ கப்பலூர் கம்பெனியில் வேலை, லேசில் லீவு தரமாட்டார்கள். ஆரப்பாளையத்திலிருந்து அவருடைய அக்கா, என் மதினி, பையும் கையுமாக வந்து இறங்கினார். "நீ வேலைக்குப் போம்மா. என் தம்பிய நான் பாத்துக்கிறேன்."

மறுநாளே எரிச்சல் நின்றுவிட்டது. "அக்கா ஊத்துனா ஒண்ணுமே தெரியல. ஒனக்குத்தான் கை பதமில்ல" என்றார் என்னிடம். ஞாயிற்றுக்கிழமை நான் பாட்டிலைத் தொட்டால்கூட, "இரு, அக்கா வரட்டும்." எனக்கு வயிறு எரிந்தது. அவருக்குப் புளி எம்புட்டு, உறைப்பு எம்புட்டு என்று இத்தனை வருஷமாகப் பார்த்துப் பார்த்துப் போட்ட கை இது. கண் குணமாக வேண்டும், ஆனால் மதினி கையால் குணமாகக் கூடாது என்று பஸ்ஸில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். அம்மன் என்ன நினைத்தாளோ, சிவப்பு குறையவே இல்லை.

ஒருநாள் கரண்ட் இல்லையென்று கம்பெனியில் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வாசலில் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினேன். அக்காவும் தம்பியும் உள்ளே என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்து ஜன்னல் பக்கம் ஒதுங்கி நின்று பார்த்தேன். அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மூடிய இமை மேல், எங்கள் வாசல் செடியில் பறித்த நந்தியாவட்டைப் பூ. கண் சூட்டுக்கு எல்லோரும் வைப்பதுதான். ஆனால் மதினி அந்தப் பூவின் மேல் மருந்தைச் சொட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம், மாட்டிக்கொண்டார் என்று. பயம் அப்புறம்தான் வந்தது.

"மருந்து கண்ணுக்குள்ள போக வேணாமா மதினி?"

"பூவுல ஊறி மெதுவா எறங்கும்மா. நேரா விட்டா புள்ள துடிக்கிறான்ல."

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் ஓடினோம். புண் பெரிதாகியிருந்தது. நல்லவேளை இன்னும் ஆழமாகவில்லை, இனி ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்றார். மதினி அங்கேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. சம்பளம் போனால் போகிறது என்று லீவு போட்டேன். அவர் கத்தக் கத்தக் கீழ் இமையை இழுத்துப் பிடித்து, மருந்தை நானே விட்டேன். புண் ஆறியது. மதினி ஆரப்பாளையத்துக்குத் திரும்பிய கையோடு நந்தியாவட்டைச் செடியை வேரோடு பிடுங்கி எறிந்தேன்.

இந்த நோய் திரும்ப வரக்கூடும் என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். போன மாதம் அதே கண் மறுபடி சிவந்தது. உடனே போய்க் காட்டி அதே மருந்தை வாங்கி வந்தோம். இந்தத் தடவை அவரே போய்ப் படுத்து, கண்ணை அகலத் திறந்தார்.

"நீயே ஊத்து. நீ ஊத்துனாத்தான் உள்ள போகும்."

என் வயிறு குளிர்ந்துவிட்டது. ஒரு சொட்டு விட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டார், கத்தவில்லை. கண்ணீர் வழிய, தலையணைக்கு அடியில் துழாவிப் போனை எடுத்தார். பாட்டில் மூடியைத் திருகியபடி நான் பக்கத்திலேயே நின்றேன்.

"அக்கா," என்றார், "ரொம்ப எரியுதுக்கா."