அண்ணி பேசிய ஒரே வரி

என் அண்ணிக்கு வேலை கத்துவது. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் உண்மை. வெளிநாட்டுப் படங்களை நம் மொழியில் பேசவைக்கும் ஸ்டூடியோவில் டப்பிங் கலைஞர். கூட்டத்தில் நாலு பெண்கள் ஓவென்று அலறினால் அதில் இரண்டு அண்ணி. தொட்டிலில் அழும் குழந்தை அண்ணி, பல்லில்லாத சூனியக்காரி அண்ணி, ஒரு படத்தில் பேசும் வாத்துகூட அண்ணிதான். அவளுடைய சொந்தக் குரல் மட்டும் எந்தப் படத்திலும் வந்ததில்லை. "உன் குரல் வீட்டுக்குரல்மா, கதாநாயகிக்கு எடுபடாது" என்று டப்பிங் மாஸ்டர் முகத்துக்கு நேரே சொல்லுவார். நானாக இருந்தால் மைக்கைப் பிடுங்கி அவர் தலையில் போட்டிருப்பேன். அண்ணி சிரித்துவிட்டு அடுத்த வாத்துக்குத் தயாராவாள்.

அவளுக்கு ஒரே மகள். நாங்கள் கூப்பிடுவது குட்டி. எங்க அம்மா சினிமாவில் பேசுகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்திருக்கிறது. எந்தப் படம் என்று கேட்டார்கள். குழந்தை வாத்தைச் சொன்னது. வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அதற்குப் பெயர் புளுகுமூட்டை. வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிந்துவிட்டு, "ஒரு தடவையாவது நீ நீயா பேசும்மா" என்று அழுதது. அண்ணி அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் இந்தப் படம் வந்தது. பொம்மைப் படம். ஒரு குடும்பமே சூப்பர் ஹீரோக்கள். அப்பாவுக்கு ஊர்க்கோடியில் ஊசி விழுந்தாலும் கேட்கும். மகன் நினைத்தால் கல்லாகிவிடுவான். அம்மா பறப்பாள், ஆனால் பறந்துவிட்டு வந்து பாத்திரமும் கழுவுவாள். அந்த அம்மாவுக்கு வீட்டுக்குரல்தான் வேண்டும் என்று படக் கம்பெனியே கேட்டிருந்தது. மாஸ்டருக்கு வேறு வழியில்லை, அண்ணியைக் கூப்பிட்டார்.

முழுப் படத்தையும் பேசினாள். கடைசியில் ஒரு கட்டம். பாலம் இடிந்து விழுகிறது, மகன் பயத்தில் கல்லாகி மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறான், அம்மா இடிபாட்டுக்குள் பறந்துவந்து அவன் பக்கத்தில் உட்காருகிறாள். எழுதிக் கொடுத்த வசனம், 'அஞ்சாதே மகனே, உன் அன்னை வந்துவிட்டேன்.' பொம்மையின் வாய் மூடியபிறகும் வசனம் ஓடிக்கொண்டிருந்தது. எந்த அம்மா இப்படிப் பேசுவாள், சொல்லுங்கள்! அண்ணி பொம்மையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மாற்றிப் பேசினாள். "அம்மாவுக்கும் பயமா இருக்குடா. வா, சேர்ந்தே பயப்படலாம்." வாயசைவு அச்சாகப் பொருந்தியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியர் மூக்கை உறிஞ்சினாராம்.

குட்டியிடம் சொல்லிவிட்டாள். அது தெருவெல்லாம் சொல்லிவிட்டது.

பத்து நாள் கழித்து மாஸ்டர் போன் செய்தார். ஒரு பெரிய நடிகை அந்த அம்மாவுக்குக் குரல் கொடுக்கச் சம்மதித்துவிட்டாளாம், போஸ்டரில் பெயர் போட்டால் கூட்டம் வருமாம். அண்ணி பேசியதைக் காதில் ஒலிக்கவிட்டு, அதைக் கேட்டுக் கேட்டு அந்த மகாராணி பேசுவாள். அண்ணியின் குரல் அழிந்துவிடும். இதற்கு அந்தத் தொழிலில் 'டிராக்' என்று பெயர். ஒருத்தி சமைத்து வைப்பாள், இன்னொருத்தி பரிமாறிப் பேர் வாங்குவாள்.

அதோடு விட்டார்களா? மகாராணி கத்தமாட்டாளாம். தொண்டை கெட்டுவிடுமாம். சண்டையில் அடிபடுவது, கீழே விழுவது, மூச்சுத் திணறுவது, அலறுவது எல்லாவற்றுக்கும் மறுபடி அண்ணியைக் கூப்பிட்டார்கள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அண்ணிக்கு ஏற்கெனவே சில மாதங்களாகக் குரல் கம்மிக்கொண்டிருந்தது. பரிசோதித்த டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். தொண்டையில் இருப்பது கெட்ட கட்டி, குரல்வளையையே எடுக்கவேண்டும், அதற்கப்புறம் பேச்சு வராது, அதுவரை வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

"போகக்கூடாது அண்ணி" என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "உங்க தொண்டை என்ன அவங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

"கத்துறதுக்குப் போகலடி. பேரம் பேசப் போறேன்."

நானும் கூடவே போனேன். மாஸ்டரிடம் அண்ணி கேட்டது இதுதான்: "எல்லாத்தையும் கத்திக் குடுக்கிறேன் சார். பாலத்துக்கடியில பேசுற அந்த ஒரு வரிய மட்டும் என் குரல்லயே விட்டுடுங்க. எம் பொண்ணு கேக்கணும். அப்புறம் எனக்குக் குரல் இருக்காது."

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். மனுஷன் மோசமில்லை, பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். "சரிம்மா. ஒரு வரிதானே, யாருக்குத் தெரியப்போவுது" என்றார்.

அண்ணி மைக் முன்னால் போய் நின்றாள். திரையில் அந்தப் பொம்மை அம்மாவைச் சுவரில் அடித்தார்கள், அண்ணி அலறினாள். தீயில் தள்ளினார்கள், அலறினாள். ஒவ்வொரு அலறலுக்கும் நடுவில் வெந்நீர் குடித்தாள். "இன்னொண்ணு போலாம்மா, கொஞ்சம் வலியா வேணும்" என்றார் மாஸ்டர். வலிக்கா பஞ்சம்! வெளியே வந்தபோது அண்ணியால் என் பெயரைச் சொல்லிக்கூடக் கூப்பிட முடியவில்லை, கையைத்தான் பிடித்துக்கொண்டாள். கத்தினாலும் கத்தாவிட்டாலும் கட்டி கட்டிதான் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். என் வயிறு இன்னும் எரிகிறது.

ஆபரேஷன் முடிந்து அண்ணி ஆஸ்பத்திரியில் இருக்கும்போது படம் வெளியானது. சக்கைப்போடு போட்டது. டிக்கெட் கிடைக்காமல் சண்டை. பத்திரிகைக்காரர்கள் வழக்கமாகக் குறைசொல்லும் வாயால் புகழ்ந்தார்கள். அதிலும் அந்த ஒரு வரி! பஸ்ஸில் சொன்னார்கள், பனியனில் அச்சடித்தார்கள். ஊசி போட வந்த நர்ஸ், அண்ணி கையை இழுத்துக்கொண்டதைப் பார்த்து, "அக்காவுக்கும் பயமா இருக்கு, வாங்க, சேர்ந்தே பயப்படலாம்" என்றாள். அண்ணி சத்தமில்லாமல் விழுந்து விழுந்து சிரித்தாள், கண்ணில் நீர் வழிந்தது. அவளை அப்படிச் சந்தோஷமாக நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

குட்டியை உடனே தியேட்டருக்குக் கூட்டிப்போயிருக்கலாம். நான் கேட்டேன். அண்ணி விரலை ஆட்டி மறுத்துவிட்டு, எழுதிக் காட்டினாள். தன் மடியில் உட்காரவைத்துத்தான் காட்டவேண்டும், அந்த வரி வரும்போது குட்டியின் முகத்தைத் தான் பார்க்கவேண்டும். அந்த ஆசையை எப்படித் தப்பு என்பேன்?

அதற்குள் அந்த மகாராணி டிவி பேட்டிக்கு வந்தாள். அந்த வரியைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார்கள். சொன்னாள். மேடையில் சபதம் எடுப்பதுபோல இருந்தது. மறுநாளே ஜனங்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள், படத்தில் இருப்பது இவள் குரல் இல்லையே, நம் தலையில் மிளகாய் அரைக்கிறார்களா என்று. எனக்குக் குஷி தாங்கவில்லை. அண்ணிக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். "உங்களத்தான் தேடுறாங்க அண்ணி!"

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக், எங்கேயோ ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டான். நாங்கள் மூன்று பேர்தான் மதியக் காட்சிக்குப் போனோம். ஆபரேஷனில் மூச்சுவிடுவதற்காகக் கழுத்தில் போட்ட துளையை மறைத்து அண்ணி துணி சுற்றியிருந்தாள். குட்டி வகுப்பில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தது. நாளைக்கு வந்து சொல்கிறேன், அப்போது யார் புளுகுமூட்டை என்று தெரியும் என்று.

படம் ஓடியது. மகாராணியின் குரல் வந்தபோதெல்லாம் குட்டி அண்ணாந்து பார்த்தது. அண்ணி 'பொறு' என்று கையைக் காட்டினாள். சண்டை தொடங்கியது. பொம்மை அம்மாவைச் சுவரில் அடித்தார்கள். அலறல் கேட்டது.

குட்டி விறைத்துப்போனது. "அத்தை, இது எங்கம்மா!"

அடுத்த அலறலுக்குக் காதைப் பொத்திக்கொண்டது. "அம்மாவ அடிக்கிறாங்க அத்தை, நிறுத்தச் சொல்லுங்க!" முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி அதை மார்போடு அணைத்து முதுகைத் தட்டினாள். பயப்படாதே, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை. நான்தான் சொன்னேன்.

பாலம் இடிந்தது. தியேட்டரே நிமிர்ந்து உட்கார்ந்தது. அண்ணி குட்டியின் முகத்தைத் திரைப்பக்கம் திருப்பினாள்.

"அம்மாவுக்கும் பயமா இருக்குடா. வா, சேர்ந்தே பயப்படலாம்."

மகாராணியின் குரல்.

சுற்றிலும் கைதட்டல், விசில். எனக்கு எதுவும் புரியவில்லை. மறுநாள் மாஸ்டருக்கு போன் செய்து கிழி கிழியென்று கிழித்தபோதுதான் தெரிந்தது. பேச்சு கிளம்பிவிட்டதே என்று கம்பெனிக்காரர்கள் மகாராணியை உட்காரவைத்து அந்த வரியை மறுபடி எடுத்து, எல்லாத் தியேட்டருக்கும் புதுப் பிரதி அனுப்பிவிட்டார்களாம். "வரி ஹிட் ஆகலன்னா யாரும் தொட்டிருக்க மாட்டாங்கம்மா" என்றார். அலறலை மட்டும் மாற்றவில்லை. அதை யார் கத்துவது?

விளக்குப் போட்ட பிறகும் குட்டி எழுந்திருக்கவில்லை. "இன்னும் நீ பேசவே இல்லையேம்மா" என்றது. அண்ணி வாயைத் திறந்தாள். கழுத்துத் துணிக்குள்ளிருந்து காற்று வந்தது.

சாயங்காலம் அண்ணன் கையில் கிரீஸோடு வந்தான். "என்னடா குட்டி, அம்மா பேசினதக் கேட்டியா?" என்று ஆசையாகக் கேட்டான்.

"அம்மா பேசலப்பா" என்றது குழந்தை. "அடிக்கும்போது மட்டும்தான் அம்மா வந்தாங்க."

அண்ணி அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.